உடலுக்குள் தேயும் பிளாஸ்டிக்

தெருவில் வீசப்பட்ட பாலிதீன் பை தலைமுறைகள் கடந்தும் மக்காமல் கிடக்கும் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. ஆனால் அதே எத்திலீன் வாயுவிலிருந்து, அந்தப் பையைவிடப் பன்மடங்கு உறுதியாகச் செய்யப்பட்ட பாலிஎத்திலீன், மனிதரின் இடுப்புக்குள் கிண்ணமாகவும் முழங்காலுக்குள் தாங்குதகடாகவும் பொருத்தப்பட்டபோது, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தேய்ந்தும் மஞ்சளித்தும் வெடித்தும் நோயாளியை மீண்டும் அறுவை மேசைக்கு அனுப்பியிருக்கிறது. உடலுக்குள் நிலையாகப் பொருத்தப்படும் செயற்கைப் பாகங்களை உள்வைப்புகள் என மருத்துவத் துறை அழைக்கிறது. அவற்றில் பயன்படும் பிளாஸ்டிக்குகளின் ஆயுளைக் கூட்டுவதற்காக அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் முயற்சியில் வெற்றிகளும் உண்டு, வெற்றி என நம்பப்பட்டுப் பின்னர் நோயாளிகளை வதைத்த மாற்றங்களும் உண்டு. அந்த வரலாறு முழுவதும் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வெளிப்படுகிறது: உள்வைப்புப் பிளாஸ்டிக்கின் ஆயுளில் பெரும்பங்கு, அது உடலுக்குள் நுழைவதற்கு முன்பே, கிருமி நீக்கும் கூடத்திலும் பொதியும் உறையிலும் கிடங்கின் அலமாரியிலும் முடிவாகிவிடுகிறது, அந்த முடிவு சரியா தவறா என்பதோ பத்து, இருபது ஆண்டுகள் கழித்தே தெரியவருகிறது.

நெசவாலை வழியே வந்த பொருள்

இடுப்பு மூட்டு என்பது தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பின் குழிக்குள் சுழலும் அமைப்பு. அந்தத் தலைக்குப் பதில் உலோகப் பந்தையும், குழிக்குப் பதில் பிளாஸ்டிக் கிண்ணத்தையும் பொருத்தும் முறையை நிலைநாட்டியவர், இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியிலுள்ள ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணியாற்றிய அறுவை சிகிச்சை நிபுணர் ஜான் சார்ன்லி. உராய்வைக் குறைப்பதே முதன்மை என்று கருதிய அவர், அன்று கிடைத்த பொருள்களுள் மிகவும் வழுவழுப்பானதான டெஃப்லானைத் தேர்ந்தெடுத்து, 1958 முதல் சுமார் 300 இடுப்புகளில் பொருத்தினார். தொடக்கத்தில் நோயாளிகள் வலியின்றி நடந்தார்கள். ஓரிரு ஆண்டுகளில் கிண்ணங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குழிந்து தேய்ந்தன, உதிர்ந்த துகள்களைச் சூழ்ந்து திசு கட்டியாகத் திரண்டது, மூட்டுகள் தளர்ந்தன. சார்ன்லி அந்தத் துகள்களைத் தம் தொடையிலேயே செலுத்திப் பார்த்தார் என்பதும், அங்கும் திசு வீங்கிக் கட்டியானதும் மருத்துவ வரலாற்றில் பதிவாகியுள்ளன. உராய்வு குறைவாக இருப்பதும் தேய்மானம் குறைவாக இருப்பதும் வெவ்வேறு குணங்கள் என்ற பாடத்துக்கு அந்த நோயாளிகள் கொடுத்த விலை பெரிது.

1962 மே மாதத்தில், லங்காஷயர் நெசவாலைகளுக்குப் பிளாஸ்டிக் பல்சக்கரங்களை விற்றுவந்த ஒருவர் புதிய பொருளின் துண்டொன்றை ரைட்டிங்டனுக்குக் கொண்டுவந்தார். நகத்தால் அழுத்திப் பார்த்த சார்ன்லி அதை ஒதுக்கிவிட்டார். ஆனால் அவருடைய ஆய்வுக்கூடத்தில் கருவிகளைச் செய்துவந்த ஹாரி கிரேவன், சார்ன்லி ஊரில் இல்லாத நாள்களில் அத்துண்டைத் தேய்மானச் சோதனைப் பொறியில் ஏற்றி ஓட்டினார். டெஃப்லான் ஒரே நாளில் அடையும் தேய்மானத்தை மூன்று வாரம் இரவு பகலாக ஓடியும் அது அடையவில்லை. அதே ஆண்டு நவம்பரில் அப்பொருளாலான கிண்ணம் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இன்று உலகெங்கும் மூட்டு மாற்றுகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது அதன் வழிவந்த பொருளே. அதன் முழுப் பெயர் மீவுயர் மூலக்கூறு எடைப் பாலிஎத்திலீன்.

அந்த நீண்ட பெயர் குறிப்பது சங்கிலியின் நீளத்தை. பாலிஎத்திலீன் என்பது கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்த சங்கிலி மூலக்கூறு. கடையில் கிடைக்கும் பையில் அச்சங்கிலியின் மூலக்கூறு எடை சில பத்தாயிரங்கள் முதல் சில லட்சங்கள் வரை இருக்கும். உள்வைப்புப் பிளாஸ்டிக்கில் அது 20 லட்சத்திலிருந்து 60 லட்சம் வரை செல்கிறது. இவ்வளவு நீண்ட சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்குண்டு கிடப்பதால் பொருள் உருகினாலும் ஓடுவதில்லை. அச்சில் ஊற்றி வார்க்க இயலாமல், தூளை வெப்பத்திலும் அழுத்தத்திலும் கட்டியாக இறுக்கி, பிறகு கடைந்தெடுக்க வேண்டியிருக்கிறது. சங்கிலிகள் சில இடங்களில் ஒழுங்காக மடிந்து அடுக்கடுக்கான படிகப் பகுதிகளாகவும், மற்ற இடங்களில் ஒழுங்கின்றியும் கிடக்கின்றன. படிகப் பகுதி விறைப்பையும், ஒழுங்கற்ற பகுதி வளைந்துகொடுக்கும் தன்மையையும், ஒரு படிகத்திலிருந்து இன்னொன்றுக்குப் பாலமாக ஓடும் சங்கிலிகள் உறுதியையும் தருகின்றன. பின்னாளில் நேர்ந்த நன்மை தீமைகள் அனைத்தும் இந்த மூன்றில் எது மாறியது என்பதைச் சார்ந்தவை.

துகள்களும் எலும்பும்

புதிய கிண்ணமும் தேய்ந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். பத்து மில்லிமீட்டர் தடிப்புள்ள கிண்ணத்துக்கு இது பொருட்படுத்தத் தகாதது போலத் தோன்றும். கிண்ணம் ஓட்டையாவதற்குள் நோயாளியின் ஆயுளே முடிந்துவிடும் என்று கணக்கிட்டவர்களும் இருந்தார்கள். கணக்கில் விடுபட்டது, தேய்ந்த பொருள் எங்கே போகிறது என்ற கேள்வி.

அது ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைந்த அளவுள்ள துகள்களாக, ஓர் அடி எடுத்து வைக்கும்போதே லட்சக்கணக்கில், மூட்டு நீருக்குள் உதிர்கிறது. அயற்பொருளைத் தின்று செரிப்பதைத் தொழிலாகக் கொண்ட பெருவிழுங்கணுக்கள் இத்துகள்களை விழுங்குகின்றன. செரிக்க முடியாமல், ஆபத்து என்னும் செய்தியைச் சுமந்த வேதிப்பொருள்களைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. அச்செய்தி எலும்பைக் கரைக்கும் அணுக்களைத் தூண்டிவிட, உள்வைப்பைத் தாங்கிநிற்கும் எலும்பு உள்ளிருந்தே அரிக்கப்படுகிறது. எலும்புக் கரைவு என்று சொல்லப்படும் இந்நிலை பல ஆண்டுகள் வலியில்லாமலேயே முற்றிவிடும். வலி தொடங்கி எக்ஸ்ரே எடுக்கும்போது, எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் கருநிழல் தெரியும். மறு அறுவைக்கு உள்வைப்பைப் பற்றிக்கொள்ளப் போதிய எலும்பே மிஞ்சியிராது.

1980களின் பிற்பகுதி வரை பலர் இந்த அரிப்புக்கு, உள்வைப்பை எலும்போடு பிடித்துநிறுத்தும் எலும்புச் சிமெண்டைக் குற்றம் சாட்டினார்கள்; ‘சிமெண்டு நோய்’ என்ற பெயர்கூட வழங்கியது. சிமெண்டு இல்லாமல் பொருத்தப்பட்ட மூட்டுகளிலும் அதே அரிப்பு தோன்றியபோதுதான் பார்வை பிளாஸ்டிக் பக்கம் முழுமையாகத் திரும்பியது. தேய்மானம் ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டரைத் தாண்டும் மூட்டுகளில் எலும்புக் கரைவு மிகுதியாகவும், 0.05 மில்லிமீட்டருக்குக் கீழே அரிதாகவும் காணப்பட்டது. ஆக, பொறியாளர்கள் எட்ட வேண்டிய இலக்கு கிண்ணத்தைக் காப்பாற்றுவதிலிருந்து எலும்பைக் காப்பாற்றுவதாக மாறியது.

காமாக் கதிர் செய்த இரு வேலைகள்

உள்வைப்புகளைக் கிருமியற்றதாக்க நெடுங்காலம் கையாளப்பட்ட முறை எளிது: கடைந்த பாகத்தைக் காற்று புகும் உறையில் இட்டு மூடி, 25 முதல் 40 கிலோகிரே அளவுக்குக் காமாக் கதிரைச் செலுத்துவார்கள். கிலோகிரே என்பது பொருள் உள்வாங்கும் கதிராற்றலின் அளவு. கிருமிகள் சாகும்; அதில் ஐயமில்லை. ஆனால் கிருமியைக் கொல்லும் அதே ஆற்றல் பாலிஎத்திலீன் சங்கிலிகளிலும் பிணைப்புகளை அறுத்து, இணைசேராத எலக்ட்ரானோடு தவிக்கும் முனைகளை விட்டுச்செல்கிறது. வேதியியலில் தனி உறுப்புகள் எனப்படும் இம்முனைகள் எதனோடாவது சேராமல் அடங்குவதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜன் அருகில் இருந்தால் அதைப் பற்றிக்கொள்கின்றன; அதன் விளைவாக அடுத்த சங்கிலியில் புதிய தனி உறுப்பு தோன்றுகிறது; வினை நிற்காமல் தொடர்கிறது. படிகப் பகுதிக்குள் சிக்கிக்கொண்ட தனி உறுப்புகளோ அங்கேயே ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருந்து, மெல்ல மெல்ல எல்லைக்கு நகர்ந்துவந்து ஆக்சிஜனைச் சந்திக்கின்றன. எனவே கதிர்பட்ட பாகம் மருத்துவமனை அலமாரியில் உறையோடு சும்மா இருக்கும்போதே முதுமையடைகிறது. சங்கிலிகள் துண்டாகிச் சிறுத்து, படிகங்களுக்கு இடையிலான பாலங்கள் அறுந்து, விலைமதிப்புள்ள அந்த நீண்ட மூலக்கூறு சாதாரணப் பிளாஸ்டிக்கின் நிலைக்கு இறங்குகிறது.

இந்தச் சிதைவின் தடயம் கண்ணுக்கே தெரியும். அலமாரியில் சில ஆண்டுகள் கிடந்து பின் முழங்காலில் பொருத்தப்பட்டு, பழுதாகி வெளியே எடுக்கப்பட்ட தாங்குதகட்டைக் குறுக்கே அறுத்து, மெல்லிய சீவலாகச் சீவி வெளிச்சத்தில் பிடித்தால், மேற்பரப்பிலிருந்து ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில், விளிம்போடு விளிம்பாக ஓடும் வெண்ணிறப் பட்டை ஒன்று தெரியும். பட்டைக்கு மேலும் கீழும் பொருள் ஓரளவு ஒளிகசியும் தன்மையோடு இருக்க, பட்டை மட்டும் சுண்ணாம்பு போல வெளுத்து, தொட்டால் பொடியும் நிலையில் இருக்கும். ஆக்சிஜனேற்றம் உச்சத்தை அடைந்த இடம் அது. முழங்காலில் தொடை எலும்பின் வளைந்த உலோகப் பரப்பு ஏறக்குறையத் தட்டையான பிளாஸ்டிக்கின் மேல் சிறு இடத்தில் அழுந்துவதால், உள்ளே தோன்றும் தகைவும் மேற்பரப்பில் உச்சமடையாமல் சற்றே ஆழத்தில்தான் உச்சமடைகிறது. பொருள் மிகவும் நலிந்திருந்த ஆழமும் பாரம் மிகுதியாக விழுந்த ஆழமும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. விரிசல் பட்டையோடு படர, மேலடுக்கு தகடு தகடாகப் பெயர்ந்தது. 1990களின் நடுப்பகுதியில் இந்த வேதியியல் தெளிவானதும், நிறுவனங்கள் காற்றை அகற்றி நைட்ரஜன், ஆர்கான் போன்ற மந்தமான சூழலில் கதிரூட்டவும், எத்திலீன் ஆக்சைடு வாயு போன்ற கதிரில்லா முறைகளுக்கு மாறவும் தொடங்கின.

அதே கதிர், ஆக்சிஜன் இல்லாத இடத்தில், நேரெதிரான வேலையைச் செய்கிறது. பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளில் தோன்றிய இரண்டு தனி உறுப்புகள் ஆக்சிஜனுக்குப் பதில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டால், இரு சங்கிலிகளும் நிரந்தரமாகப் பிணைந்துவிடுகின்றன. இதுவே குறுக்குப் பிணைப்பு. 1970களிலேயே ஜப்பானில் ஓனிஷியும் தென்னாப்பிரிக்காவில் குரோபெலாரும் மிகுந்த கதிரளவில் பிணைக்கப்பட்ட கிண்ணங்களை நோயாளிகளுக்குப் பொருத்தியிருந்தார்கள். ஆனால் உலகம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் வில்லியம் ஹாரிஸும் ஓர்ஹுன் முரட்டோக்லுவும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் எட்வர்டு மெரிலும் 1990களில் செய்த பணி இதைப் பொதுவழக்காக்கியது.

பிணைப்பு ஏன் தேய்மானத்தைக் குறைக்கிறது என்பதை அறிவதற்கு முன், சோதனைப் பொறிகளே திருத்தப்பட வேண்டியிருந்தது. பழைய பொறிகள் உலோக முனையைப் பிளாஸ்டிக்கின் மேல் முன்னும் பின்னுமாக ஒரே கோட்டில் தேய்த்தன. அவற்றில் பிளாஸ்டிக் தேயவே இல்லை என்று சொல்லும் அளவுக்கு முடிவுகள் வந்தன. ஒரே திசையில் தேய்க்கும்போது மேற்பரப்புச் சங்கிலிகள் அத்திசையில் படிந்து, அத்திசைக்கு மட்டும் வலுப்பெற்றுவிடுகின்றன. மனிதர் நடக்கும்போது இடுப்பு முன்பின்னாக மட்டும் அசைவதில்லை. பக்கவாட்டிலும் திரும்பலிலும் குறுக்கே வெட்டிச் செல்கிறது. ஒரு திசையில் வாரிவிடப்பட்ட சங்கிலிகளைக் குறுக்கு அசைவு பிய்த்தெடுக்கிறது, துகள் உதிர்கிறது. குறுக்குப் பிணைப்பு சங்கிலிகளை ஒரு திசையில் படியவிடாமல் தடுத்து, துகள் பிறப்பதையே தடுக்கிறது. பலதிசை அசைவுள்ள பொறிகள் வந்த பின்னரே இந்த உண்மை துலங்கியது. பொருளைச் சோதிக்கும் முறை பிழையாக இருந்தால் எவ்வளவு உழைத்தாலும் ஆய்வுக்கூடம் ஆறுதல் மட்டுமே அளிக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இத்துறையில் இல்லை.

50 முதல் 100 கிலோகிரே வரை கதிரூட்டிய பிறகும் படிகங்களுக்குள் தனி உறுப்புகள் எஞ்சியிருக்கும். அவற்றை ஒழிக்கும் வழியில் இரு பள்ளிகள் பிரிந்தன. உருகுநிலைக்கு மேல் சூடாக்கிப் படிகங்களைக் கரைத்துவிட்டால் சிக்கிய முனைகள் எல்லாம் விடுபட்டு இணைந்துவிடும். ஆனால் குளிரும்போது படிகம் முன்பிருந்த அளவுக்குத் திரும்பாமல், பொருளின் உறுதி குறையும். உருகுநிலைக்குச் சற்றுக் கீழே பதப்படுத்தினால் உறுதி நிலைக்கும். ஆனால் தனி உறுப்புகளில் ஒரு பகுதி எஞ்சி, ஆண்டுகள் கடந்து ஆக்சிஜனேற்றத்துக்கு வித்திடும். இரண்டின் விலையையும் நோயாளிகள் கண்டார்கள்: முதல் வகையில் மெல்லிய விளிம்புள்ள சில கிண்ணங்கள் விளிம்பில் உடைந்தன, இரண்டாம் வகையில் வெளியே எடுக்கப்பட்ட சிலவற்றின் விளிம்புகளில் ஆக்சிஜனேற்றம் காணப்பட்டது.

ஆயினும் மொத்தக் கணக்கு தெளிவானது. ஆஸ்திரேலியாவின் தேசிய மூட்டு மாற்றுப் பதிவேட்டை ஆராய்ந்து 2018-இல் வெளியான கட்டுரை, 16 ஆண்டுகளில் பழைய வகைப் பாலிஎத்திலீன் பொருத்தப்பட்ட இடுப்புகளில் 11.7 விழுக்காடும், குறுக்குப் பிணைப்புற்ற வகை பொருத்தப்பட்டவற்றில் 6.2 விழுக்காடும் மறு அறுவைக்கு ஆளானதாகக் கூறுகிறது. ஒரு பொருளின் மூலக்கூறு அமைப்பில் செய்த திருத்தம், இத்தனை பேரை இரண்டாம் அறுவையிலிருந்து காத்தது மருத்துவப் பொறியியலில் கொண்டாடத்தக்க சாதனை. 2007-இல் வந்த அடுத்த அடி இன்னும் நுட்பமானது: உருக்காமலேயே தனி உறுப்புகளை அடக்க, பிளாஸ்டிக்குக்குள் வைட்டமின் இ ஊடுருவச் செய்யப்பட்டது. நம் உடலின் செல் சவ்வுகளிலுள்ள கொழுப்பை ஆக்சிஜனிடமிருந்து காக்கும் அதே மூலக்கூறு, தன் ஹைட்ரஜனைத் தனி உறுப்புக்குக் கொடுத்து அதைச் சாந்தப்படுத்துகிறது. படிகமும் குலைவதில்லை, உறுதியும் குறைவதில்லை. ஜப்பானில், செல் சவ்வின் வெளிப்புறத்தைப் போன்ற, நீரை ஈர்த்துத் தக்கவைக்கும் மெல்லிய பலபடி அடுக்கைக் கிண்ணத்தின் மேல் வேதிப் பிணைப்பால் வளர்க்கும் முறையும் 2011 முதல் நோயாளிகளிடம் பயன்படுகிறது.

உப்புநீர்ச் சோதனையில் தெரியாதவை

உடலின் வெப்பம் 37 டிகிரி. அதில் இருப்பது பெரும்பாலும் உப்புநீர். இதைக் கொண்டு, உடல் பிளாஸ்டிக்குக்கு மிதமான இடம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 1980களில் இதயமுடுக்கியின் மின்கம்பிகளுக்கு உறையாக வந்த மென்மையான பாலியூரித்தேன் அந்த நம்பிக்கையைக் கலைத்தது. சிலிக்கோன் ரப்பரைவிட மெல்லியதாகவும் வழுக்கிச் செல்வதாகவும் இருந்ததால் அறுவை நிபுணர்கள் அதை விரும்பினார்கள். சில ஆண்டுகளில் அதன் மேற்பரப்பில் வெடிப்புகள் தோன்றி, மின்காப்பு அறுந்தது. காரணம் இரண்டு பக்கமிருந்தும் வந்தது. வெளியே, உறையின் மேல் ஒட்டிக்கொண்ட பெருவிழுங்கணுக்கள் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற கடும் ஆக்சிஜனேற்றிகளைச் சுரந்தன. இழுவிசையில் இருந்த இடங்களில் விரிசல் விழுந்தது. உள்ளே, கம்பியின் உலோகக் கலவையிலிருந்த கோபால்ட்டு, ஊடுருவிவந்த பெராக்சைடைச் சிதைத்துத் தனி உறுப்புகளை உண்டாக்கி உறையை அகத்திலிருந்து அரித்தது. பிளாஸ்டிக்கைத் தனியாகச் சோதித்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. கம்பியும் உறையும் உயிருள்ள திசுவும் சேர்ந்து செய்த வேலை அது.

மூட்டுப் பாலிஎத்திலீனிலும் இதன் மறுபதிப்பு பின்னர் வெளிப்பட்டது. உருக்கிப் பதப்படுத்தி, தனி உறுப்பே இல்லை என்று அளந்து அனுப்பப்பட்ட கிண்ணங்களும் உடலில் ஆண்டுகள் கழிந்த பின் ஆக்சிஜனேற்றம் காட்டின. மூட்டு நீரிலுள்ள ஸ்குவாலீன் போன்ற கொழுப்புப் பொருள்கள் பிளாஸ்டிக்குக்குள் ஊறி, அங்கே ஆக்சிஜனோடு வினைபுரிந்து புதிய தனி உறுப்புகளைத் தொடங்கிவைப்பதையும், ஓயாத பாரமேற்றமும் தன் பங்குக்குச் சங்கிலிகளை வருத்துவதையும் முரட்டோக்லுவின் குழுவினர் எடுத்துக்காட்டினார்கள். முதுமையை விரைவுபடுத்திப் பார்க்கும் வழக்கமான சோதனை, பாகத்தை 70 டிகிரி வெப்பத்தில் ஐந்து வளிமண்டல அழுத்தமுள்ள ஆக்சிஜனில் 14 நாள் வைப்பது. அந்தக் கலத்துக்குள் கொழுப்பும் இல்லை, நடையும் இல்லை. எனவே அதில் தேறிய பொருளைப் பற்றி அது சொல்லக்கூடியது ஒரு வரம்புக்கு உட்பட்டதே.

கற்ற பாடம் துறை தாண்டுவதில்லை என்பது இன்னும் வருத்தத்துக்குரியது. பாரம் சுமக்கும் மூட்டில் டெஃப்லான் நிற்காது என்பது 1962-க்குள் சார்ன்லிக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் 1980களில் அமெரிக்காவில் தாடை மூட்டு நோயாளிகளுக்கு டெஃப்லான் பரப்புள்ள உள்வைப்புகள் பொருத்தப்பட்டன. அவை மெல்லும் விசையில் கிழிந்து துகளாகி, அத்துகள்கள் தாடை எலும்பை அரித்தன. 1990களின் தொடக்கத்தில் அவை திரும்பப் பெறப்படுவதற்குள் பலரின் முக அமைப்பே நிலைகுலைந்திருந்தது. பல் மருத்துவர்கள் படிக்கும் இதழும் எலும்பு மருத்துவர்கள் படிக்கும் இதழும் வேறு வேறாக இருந்ததற்கு நோயாளிகள் இவ்வளவு கொடுக்க வேண்டியிருந்தது.

வலிமையேற்றும் முயற்சிகளும் சில நேரம் பகையாயின. 1970களில் பாலிஎத்திலீனோடு கார்பன் இழையைக் கலந்தார்கள். இழையும் பிளாஸ்டிக்கும் சரியாக ஒட்டாமல் விரிசல் எளிதாகப் பரவியது. துகளுக்கு அஞ்சிப் பிளாஸ்டிக்கையே கைவிட்டு உலோகத்தின் மேல் உலோகம் சுழலும் இடுப்புகளுக்குத் தாவியதும் துயரத்தில் முடிந்தது. அவ்வகையில் பரவலாகப் பொருத்தப்பட்ட ஒன்று 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது.

இதற்கு மாறாக, பொறுமையோடு பொருளைத் தேடிய கதை திருவனந்தபுரத்தில் உண்டு. ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் எம்.எஸ்.வலியத்தான் தலைமையில் செயற்கை இதய வால்வை உருவாக்கியவர்கள், திறந்து மூடும் தட்டுக்கு முதலில் பாலிஅசிட்டால் பிளாஸ்டிக்கையும், பிறகு தேய்மானமே இராது என்று கருதி ஒற்றைப் படிக நீலக்கல்லையும் முயன்றார்கள். விலங்குச் சோதனையில் நீலக்கல் தட்டு உடைந்தது. நான்காவது வடிவத்தில் அவர்கள் வந்துசேர்ந்தது மூட்டுகளில் பயன்படும் அதே மீவுயர் மூலக்கூறு எடைப் பாலிஎத்திலீனிடம். கடினமான கல் நொறுங்கிய இடத்தில் மிருதுவான பிளாஸ்டிக் தாங்கியது. அது அடியை உள்வாங்குகிறது, மெல்ல மூடுகிறது, தன் கூண்டுக்குள் தானாகச் சுழன்றுகொண்டே இருப்பதால் தேய்மானம் ஒரே இடத்தில் விழாமல் பரவுகிறது. இதயம் ஆண்டுக்கு ஏறத்தாழ நான்கு கோடி முறை துடிப்பதால், இத்தகைய வால்வு பத்தாண்டுக்கு ஈடாக 40 கோடி முறை திறந்து மூடிக் காட்ட வேண்டும் என்பது பன்னாட்டுத் தரம். 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்ட இந்த வால்வு, டி.டி.கே. சித்ரா என்ற பெயரில் சென்னையைச் சேர்ந்த டி.டி.கே. நிறுவனத்தால் தயாரிக்கப்பட்டு, லட்சத்துக்கும் மேற்பட்டோரின் நெஞ்சில் இயங்கியிருக்கிறது.

உறையில் விடுபட்ட ஓர் அடுக்கு

ஆக்சிஜனேற்றத்தின் வேதியியல் அறியப்பட்டுக் கால் நூற்றாண்டு கடந்த பிறகு, 2021-இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று தன் இடுப்பு, முழங்கால், கணுக்கால் பிளாஸ்டிக் பாகங்களைத் திரும்பப் பெறத் தொடங்கியது. பிளாஸ்டிக்கில் குறையில்லை, அதைப் பொதிந்த வெற்றிட உறையில் ஆக்சிஜனைத் தடுக்கும் எத்திலீன் வினைல் ஆல்கஹால் அடுக்கு விடுபட்டிருந்தது. உறை பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்ததால், பிரித்துப் பொருத்திய மருத்துவருக்கு வேறுபாடு தெரிய வாய்ப்பேயில்லை. 2004 முதல் அனுப்பப்பட்ட முழங்கால், கணுக்கால் பாகங்களில் மட்டும் 1,40,000-க்கும் மேற்பட்டவை இந்நடவடிக்கைக்குள் வந்தன. தலைமுடியைவிட மெல்லிய ஒரு படலம் இல்லாமற்போனதால் இவ்வளவு பேர் தங்கள் கால்களைக் கவலையோடு பார்க்கும் நிலை வந்தது என்றால், நீடித்த ஆயுளைப் பற்றிய பேச்சு மூலக்கூற்றோடு நின்றுவிடக் கூடாது. உறை, கிடங்கின் வெப்பநிலை, கிருமி நீக்கிய தேதி, அலமாரியில் கிடந்த மாதங்கள் எல்லாம் அதற்குள் வர வேண்டும்.

இத்தகைய குறை எங்கே வெளிப்படும் என்பதும் முக்கியம். சுவீடன் 1975-இல் முழங்காலுக்கும் 1979-இல் இடுப்புக்கும் தேசியப் பதிவேடுகளைத் தொடங்கியது. எந்த நோயாளிக்கு, எந்தத் தேதியில், எந்தத் தொகுதி எண்ணுள்ள பாகம் பொருத்தப்பட்டது, அது எப்போது எடுக்கப்பட்டது என்ற நான்கு விவரங்கள் ஒழுங்காகச் சேர்ந்தால் போதும். மற்றவற்றைவிட விரைவில் பழுதாகும் வகை சில ஆண்டுகளிலேயே தலைகாட்டிவிடும். இந்தியாவில் மூட்டு அறுவை நிபுணர்களின் சங்கம் நடத்தும் பதிவேடு மருத்துவர்களின் விருப்பத்தைச் சார்ந்தது. 2015-இல் மருத்துவக் கருவிகளின் தீய விளைவுகளைத் தெரிவிக்கும் தேசியத் திட்டமும், 2017-இல் மருத்துவக் கருவி விதிகளும் வந்தன. அதே 2017 ஆகஸ்டில் முழங்கால் உள்வைப்புகளுக்கு உச்சவிலை நிர்ணயிக்கப்பட்டது. விலை குறைந்தது எளியவர்களுக்குப் பெரும் உதவி. ஆனால் 2010-இல் திரும்பப் பெறப்பட்ட உலோக இடுப்புகளைத் தாங்கிய இந்திய நோயாளிகளைத் தேடிப் பிடிப்பது எவ்வளவு கடினமாக இருந்தது என்பதை நினைத்தால், விலையோடு தடமறியும் ஏற்பாட்டையும் சேர்த்தே கட்டாயமாக்கியிருக்க வேண்டும் என்ற எண்ணம் தவிர்க்க முடியாதது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழும் மூட்டு மாற்று நடைபெறுகிறது. அரசே பணம் செலுத்தும் இடத்தில், தொகுதி எண் ஒட்டிய படிவம் இல்லாமல் தொகை விடுவிக்கப்படாது என்று விதிப்பதற்குப் புதிய சட்டம்கூடத் தேவைப்படாது.

இந்திய உடல்கள் இப்பொருளிடம் கேட்பதும் சற்று வேறு. இங்கே இடுப்பைவிட முழங்காலே மிகுதியாக மாற்றப்படுகிறது. தரையில் சம்மணமிடுவதும் குந்துவதும் அன்றாடப் பழக்கம். மருத்துவர் தடுத்தாலும் விருந்திலும் வழிபாட்டிலும் மனிதர் தரையில் அமரவே செய்வர். முழங்கால் ஆழமாக மடங்கும்போது உலோகம் தகட்டின் பின்விளிம்பில் குறுகிய இடத்தில் அழுந்துகிறது. நாற்காலியில் அமரும் சமூகங்களில் திரட்டிய தேய்மானக் கணக்கு இங்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இங்கு பொருத்தி இங்கு எடுக்கப்பட்ட பாகங்களைப் பார்த்தே சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் டார்ட்மவுத், டிரெக்ஸல் போன்ற பல்கலைக்கழகங்களின் ஆய்வுக்கூடங்கள், அறுவையில் வெளியே எடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான பாகங்களைச் சேகரித்து, சீவலாகச் சீவி, அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி, ஆக்சிஜனேற்றத்தை ஆழவாரியாக அளந்து வைத்திருக்கின்றன. மேலே சொன்ன வெண்பட்டையும் விளிம்பு ஆக்சிஜனேற்றமும் இத்தகைய கூடங்களில்தான் வெளிச்சத்துக்கு வந்தன. நம் நாட்டில், 2016-ஆம் ஆண்டின் உயிர் மருத்துவக் கழிவு விதிகள் உடலிலிருந்து எடுத்த உலோக உள்வைப்புகளை நீலவண்ணப் பிரிவில் சேர்க்கின்றன. மருத்துவமனைக்கு அவை கழிவு. பிளாஸ்டிக்கைச் சோதிக்கும் கருவிகளுக்குக் குறைவில்லை: மத்திய அரசின் சிப்பெட் நிறுவனத்தின் தலைமையகம் சென்னை கிண்டியிலேயே இருக்கிறது, சித்திரைத் திருநாள் நிறுவனம் ஓர் இரவுப் பயணத் தொலைவில் இருக்கிறது. அறுவை அரங்கிலிருந்து அங்கே ஒரு பாகம் ஒழுங்காகப் போய்ச்சேர நோயாளியின் ஒப்புதலும், தொகுதி எண்ணும் பொருத்திய தேதியும் எடுத்த தேதியும் எழுதிய சீட்டும், காற்றில்லா உறையும், உறைகுளிர்ப் பெட்டியும் வேண்டும். கடைசி இரண்டையும் சேமிப்புச் செலவு என்று கழித்துவிட முடியாது: உடலில் கொழுப்பை உறிஞ்சி வெளியே வந்த பாலிஎத்திலீன், அறை வெப்பத்தில் காற்றுப்படக் கிடந்தால், சோதிக்கும் முன்பே மேலும் ஆக்சிஜனேற்றமடைந்து, உடலுக்குள் நடந்தது எவ்வளவு, அலமாரியில் நடந்தது எவ்வளவு என்று பிரித்தறிய முடியாத நிலைக்குச் சென்றுவிடும்.